வெள்ளத்தாயின் மூன்று நாட்கள்

பங்குனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு, காலண்டர் அச்சடிக்கும் அந்த ஊரில், கட்டிங் மிஷினில் நின்றுகொண்டிருந்த ஒச்சப்பனுக்குத் தான் ஒருபோதும் போயிராத கண்டித் தேயிலைத் தோட்டத்தில் எந்த வரிசையில் அட்டை அதிகம் கடிக்கும் என்பது தெரிந்துவிட்டது. அதே பத்து நாற்பதுக்கு, இரண்டு தெரு தள்ளி வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அவனுடைய அப்பா, எண்பத்தோரு வயதுக்காரர், பதினேழு வயது வரை தான் கண்டியில் இருந்ததையே மறந்துபோனார்.

ஒச்சப்பன் மிஷினை நிறுத்தி, "எங்கய்யாவுக்கு என்னமோ விட்டுப்போச்சு, எனக்கு வந்திருக்கு" என்றான்.

"கைய வெட்டிக்கிடாம வாங்கினியே, அது போதும்" என்றான் பக்கத்தில் தாள் அடுக்கிக்கொண்டிருந்தவன்.

மிஷின் நான்கு நிமிடம் நின்றிருந்து, பிறகு ஓடியது.

அந்த மாதம் முடிவதற்குள் இருபத்து மூன்று பேருக்கு அப்படி வந்தது. மறதி நோய் கண்ட ஒரு தலையிலிருந்து ஒரு நினைவு கழன்றால் அது தரையில் விழவில்லை, காற்றிலும் போகவில்லை; அதே ரத்தத்தில் பிறந்த இன்னொரு தலையில் போய் உட்கார்ந்தது. மகனுக்கு வந்தது, தங்கைக்கு வந்தது, சித்தப்பா பிள்ளைக்கு வந்தது, துபாயில் கட்டடத்தின் பதினோராவது மாடியில் கம்பி கட்டிக்கொண்டிருந்த பேரனுக்கும் வந்தது; ஆனால் புருஷனிடமிருந்து பெண்டாட்டிக்கோ, பெண்டாட்டியிடமிருந்து புருஷனுக்கோ ஒரு தடவைகூட வரவில்லை.

ஊர் இதை ஏன் என்று கேட்கவில்லை. எப்படி வைத்துக்கொள்வது என்றுதான் கேட்டது. தொழிற்சங்கமும் முதலாளிமார் சங்கமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, வேலை நேரத்தில் நினைவு வந்தவருக்கு அரைமணி நேரம் ஓய்வு, அதற்குமேல் வேண்டுமென்றால் வாந்தியும் வந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு மணி வரை, வந்ததை வாங்கினவர் இழந்தவரின் எதிரே உட்கார்ந்து அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது வழக்கமாயிற்று. சொன்னதால் போனது திரும்பிவிடாது, ஆனால் கேட்டவர் முகம் தெளிந்து அன்றைக்கு இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார் என்பதைப் பத்து வீடுகளில் பார்த்துவிட்டார்கள். ஒரு தாய் மறந்த ஆட்டுக்கறிக் குழம்பு மூத்த மகளுக்கும், அதற்கு உப்புப் போடும் பதம் கடைசி மகளுக்கும் வந்துவிட்டதால், ஒன்பது வருடமாகப் பேசாத அக்காளும் தங்கையும் ஒரே அடுப்படியில் நின்று, "ம்" "ம்ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு சமைத்தார்கள். மளிகைக்கடை சுடலைக்கண்ணு கோவில்பட்டியில் ஒரு வீட்டுக்குப் பத்து வருடம் ரகசியமாகப் போய்வந்தது முழுவதும் அவர் மகனுக்கு வந்தபோது, "உனக்கு என்னடா வந்துச்சு?" என்று அம்மா கேட்க, அவன் காது சிவந்து, "பஸ் ரூட்டும்மா" என்றான். அதற்குப் பிறகு, வந்ததை உரியவரிடம் தவிர வேறு யாரிடமும் வாய் திறக்கக்கூடாது என்று ஊரே கட்டுப்பாடு போட்டுக்கொண்டது. அந்தக் கட்டுப்பாட்டுக்கு முதல் கையெழுத்துச் சுடலைக்கண்ணுதான் போட்டார்.

இப்படி இரண்டு வருடமாக ஊர் முழுவதும் போனதும் வந்ததும் சரியாக இருந்தபோது, ஒரே ஒருத்திக்கு மட்டும் வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் இருந்தது.

அவள் பெயர் வெள்ளத்தாய். மழை வெள்ளம் வந்த ஒரு வருடத்தில், ஒன்றரை வயதுப் பிள்ளையாக, ரயிலடிக் கூட்டத்தில் தனியே நின்றவளைத் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் தூக்கிவந்து, அந்த வெள்ளத்தின் பெயரையே வைத்து வளர்த்தார்கள். எந்த ஊர், யார் வீடு என்று யாருக்கும் தெரியாது. தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டினாள். இருபத்தோரு வயதில் அழகுமலையைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை இல்லை. கல்யாணமாகி நாற்பத்து நாலாம் வருடத்தில் அவள் இருநூற்றுப் பன்னிரண்டு விஷயங்களை மறந்திருந்தாள், அந்த இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுகூட அந்த ஊரில் எவர் தலைக்கும் வந்து சேரவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு என்று ஒரு நோட்டில் வரி வரியாக எழுதி எண்ணி வைத்தவர் அழகுமலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவர். நாற்பத்தோரு வருடம் அச்சாபீசில், அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேஜையின் முன் நின்று, மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று என்று நான்கு பிலிம்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூலையில் இருக்கும் கூட்டல் குறிகள் நான்கும் ஒரே குறியாகத் தெரியும்வரை தள்ளித் தள்ளி ஒட்டினவர். ஒரு மயிரிழை தப்பினாலும் காலண்டரில் முருகனுக்கு இரண்டு மூக்கு வந்துவிடும். நாற்பத்தோரு வருடத்தில் அப்படி வந்தது மூன்று தடவை, மூன்றும் அவருக்குத் தேதியோடு தெரியும். பேசமாட்டார். எதையும் கேட்கமாட்டார். கேட்டால் அடுத்தவருக்குக் கஷ்டமாக இருக்குமோ என்று ஒரு கூச்சம், அந்தக் கூச்சத்தையே மரியாதை என்று நினைத்து எழுபது வயது வரை வந்துவிட்டார்.

இருநூற்றுப் பதின்மூன்றாவதாக எது போகும் என்று அவர் பயந்துகொண்டிருந்தாரோ, அது ஆவணி மாதத்தில் போயிற்று. கல்யாணமான பதினோராம் வருடம், ஒரு ஐப்பசியில், வெள்ளத்தாய் காலையில் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனவள் மூன்று நாள் கழித்து வந்தாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு வட்டிலை எடுத்துவைத்து அவளுக்கும் சோறு போட்டார். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை, முப்பத்து மூன்று வருடம் கேட்கவில்லை. யாரிடம் போனாள், ஏன் போனாள், ஏன் திரும்பி வந்தாள் என்ற மூன்று கேள்விகளும் நாக்குக்கு அடியிலேயே இருந்தன. ஆவணியில் ஒருநாள், குற்றாலத்துக்குப் போகும் பஸ் ஒன்று தெருமுனையில் நின்றபோது, அந்த ஐப்பசியிலிருந்து அந்தப் பஸ்ஸைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் அன்றைக்குச் சும்மா பார்த்துக்கொண்டே நின்றாள். போய்விட்டது என்று அவருக்குத் தெரிந்தது. இனிக் கேட்டாலும் அவளிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் அவள் அவரையும் மறந்து, "பிரஸ்காரரே" என்று மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தாள்.

அந்த நேரத்தில்தான் மேல்நிலைப்பள்ளி மைதானத்துக்கு அந்த நீள லாரி வந்தது. தலைக்குள்ளே படமெடுக்கும் மிஷின் அதற்குள் இருந்தது. பக்கத்துக் கூடாரத்தில் ரத்தம் எடுத்தார்கள். கூட வந்தவர் டாக்டர் ஹெப்சிபா, நாசரேத்துக்காரர், நாற்பது வயது, வேகமாக நடப்பவர், அதைவிட வேகமாகப் பேசுபவர். மறதி நோய் ஏன் வருகிறது என்று கண்டுபிடிக்க ஆறு ஊர்களில் நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு பேருக்குப் படமும் எடுத்து ரத்தமும் எடுத்திருந்தார்.

"எங்க கெட்டுதுன்னு படம் சொல்லும், ஏன் அங்க கெட்டுதுன்னு ரத்தம் சொல்லும்" என்றார் டாக்டர், மைதானத்தின் ஓரத்தில் டீக்கடை போட்டிருந்த கடற்கரை என்பவரிடம். "ஒண்ணு இல்லாம ஒண்ணு பாதிக் கதைதான்."

"எங்களுக்கு ஏன்னு தெரிய வேண்டாம் டாக்டரம்மா" என்றார் கடற்கரை. "போனது யாருகிட்ட இருக்குன்னு தெரிஞ்சாப் போதும்."

"ஏன்னு தெரிஞ்சாத்தானே உங்க மகனுக்கு வராமத் தடுக்க முடியும்?"

"அதுவும் சரிதான்" என்று சொல்லி, கடற்கரை அந்த டீக்குக் காசு வாங்கவில்லை.

ஆனால் டாக்டரின் வேலை ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்று ஊரே கைகாட்டிய பதினேழு ஜோடிகளை அவர் படமெடுத்திருந்தார். ஒச்சப்பனின் அப்பாவுக்கு மூளையின் இடது பக்கத்தில் ஓர் இடம் விளக்கணைந்த மாதிரி இருந்தது, அப்படியென்றால் ஒச்சப்பனுக்கு அதே இடத்தில் வெளிச்சம் கூடியிருக்க வேண்டும், இல்லை. பதினேழிலும் இல்லை. இன்னும் ஐந்து நாளில் லாரியைக் கிளப்பச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது.

அழகுமலை இதை டீக்கடையில் கேட்டார். கேட்ட நிமிடமே அவருக்கு ஒன்று தோன்றியது. சொல்வதற்காகப் போய் வரிசையில் நின்றார்; தன்முறை வந்ததும் பின்னால் நின்றவருக்கு வழிவிட்டுவிட்டு மறுபடி கடைசியில் போய் நின்றார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே.

"அண்ணாச்சி" என்றார் கடற்கரை, "மூணு நாளா எல்லாருக்கும் வழிவிட்டுட்டு நிக்கிறீங்க. எலெக்ஷன்ல எதுவும் நிக்கப் போறீங்களா?"

வரிசை முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பிலிருந்து தப்பிக்கிற அவசரத்தில் அழகுமலை கூடாரத்துக்குள்ளே போய்விட்டார்.

டாக்டர் நிமிர்ந்து, "என்ன பெரியவரே, உடம்புக்கு என்ன?" என்றார்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. ஒச்சப்பன் பிலிமையும் அவங்கய்யா பிலிமையும் கொஞ்சம் குடுங்க."

கூடாரத்தில் படம் பார்க்கும் விளக்குப் பலகை எரிந்துகொண்டிருந்தது. அழகுமலை கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஒச்சப்பனின் அப்பாவின் பிலிமை அதில் வைத்தார். ஒச்சப்பனின் பிலிமை எடுத்து, ஒரு தடவை பார்த்து, அதை முதுகுப்புறமாகக் கவிழ்த்து, முதல் பிலிமின்மேல் வைத்து, விளிம்பு விளிம்போடு சேரும்வரை கட்டைவிரலால் தள்ளினார். அப்பாவிடம் இருட்டாக இருந்த இடத்தின்மேல் மகனின் வெளிச்சம் மூடி போட்டதுபோல் உட்கார்ந்தது.

டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "ஏன் கவுத்துப் போட்டீங்க?"

"ஈரத் தாள்மேல இன்னொரு தாள் விழுந்தா, மை அதோட முதுகுல ஒட்டிக்கிடும்மா. ஒட்டினது இடம் வலமாத்தான் இருக்கும். முருகனுக்கு வேல் இந்தக் கையில இருந்தா அங்க அந்தக் கையில இருக்கும்." ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அவருக்கே அதிகமாகப் பட்டது. "நாங்க நெதம் பாக்குறது" என்று மெதுவாக முடித்தார்.

அன்றைக்கு மதியத்துக்குள் பதினேழு ஜோடிகளையும் கவிழ்த்துப் பார்த்தார்கள். பதினேழும் பொருந்தின. பொருந்தின இடங்களைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் அந்தக் குடும்பங்களின் ரத்தத்தை மறுபடி பார்த்தபோது, எந்தெந்த வீட்டில் மூளையின் ஒரே இடம் முதலில் அணைகிறதோ அந்தந்த வீட்டு ரத்தத்தில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி ஒரு பிசகு இருந்தது. மேலிடத்துக்குப் போன் போட்டார். லாரி கிளம்ப வேண்டாம் என்றார்கள்; வேண்டுமானால் இன்னொரு லாரி அனுப்புகிறோம் என்றார்கள்.

"உங்களுக்கு என்ன வேணும் பெரியவரே?" என்று கேட்டார் டாக்டர்.

அழகுமலை தன் நோட்டை எடுத்து, இருநூற்றுப் பதின்மூன்றாவது வரியைத் தொட்டுக் காட்டினார்.

வெள்ளத்தாய்க்குப் படமெடுத்தார்கள், மிஷினுக்குள் போகுமுன் அவள், "சத்தம் போடுமா? எங்க ஆபீஸ் மிஷினைவிடவா?" என்று கேட்டுச் சிரித்தாள். ரத்தம் எடுத்தார்கள். ஆறு ஊர் ரத்தத்தில் அவளோடு ஒரே தூரத்தில் சொந்தம் காட்டினவர்கள் முப்பத்தெட்டுப் பேர். அக்காள் மகளைத் தம்பி கட்டி, மாமன் மகளை மருமகன் கட்டி, தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே சுற்றிவந்த ஜனங்களில் ரத்தம் அவ்வளவுதான் சொல்லும், அதற்குமேல் விரலை நீட்டாது. படத்தில், அவளிடம் அணைந்த இடங்களுக்கு இடம் வலமாக வெளிச்சம் கூடினவர்கள் அறுபத்தொரு பேர். முப்பத்தெட்டுப் பேர் கொண்ட தாளின்மேல் அறுபத்தொரு பேர் கொண்ட தாளை வைத்தபோது, இரண்டிலும் இருந்தவர் ஒரே ஒருவர். இசக்கிமுத்து, எழுபத்திரண்டு வயது, புளியங்குடி, எலுமிச்சை மண்டியில் ஏலம் கூறுகிறவர்.

அழகுமலை அந்த விலாசத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒன்பது நாள் சும்மா இருந்தார்.

"பக்கத்தில இருக்கிற புளியங்குடி, விசா வேணுமா அண்ணாச்சி?" என்று கடற்கரை கேட்டார். அழகுமலை டீக்குக் காசை வைத்துவிட்டு எழுந்தார். முப்பத்து மூன்று வருடம் கேட்காததை ஓர் அந்நிய ஆண் வாயிலிருந்து கேட்க வேண்டும். கேட்காதவரை அவள் எங்கும் போகவில்லை என்றுகூட வைத்துக்கொள்ளலாம். கேட்டுவிட்டால் போன இடம் ஒரு இடமாகிவிடும், இருந்த ஆள் ஒரு ஆளாகிவிடும்.

பத்தாம் நாள் காலை, அவர் ஆற்றிக் கொடுத்த காப்பியை வாங்கிக்கொண்டு வெள்ளத்தாய், "பிரஸ்காரரே, எந்நேரமும் இங்கயே இருக்கீங்களே, உங்க வீட்ல உங்களைத் தேடமாட்டாங்களா?" என்று கேட்டாள்.

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு, அவளுக்கும் போட்டுவிட்டு, எட்டு ஐம்பது பஸ்ஸில் ஏறினார்.

மண்டியில் தார்ப்பாய் தார்ப்பாயாக எலுமிச்சை குவிந்திருந்தது. அந்த வாசனைக்கு நடுவில் நின்று, தொப்பை குலுங்க, மீசை துடிக்க, ஒரு மனிதர் விலை கூவிக்கொண்டிருந்தார். அழகுமலையைப் பார்த்ததும் கூவல் பாதியில் நின்றது. நாற்பது வியாபாரிகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வந்துட்டீரா?" என்றார் இசக்கிமுத்து, அந்தப் பெருங்குரலிலேயே. "ரெண்டு வருஷமா எனக்குள்ள வாயத் தொறக்காம உக்காந்திருக்கீரே, நீரு மனுஷனா, கல்லா வேய்? எலுமிச்சைக்கு வெலை சொல்லிக்கிட்டிருக்கும்போது தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டணும்னு கை பறக்குது. சாம்பார்ல உப்பு கம்மின்னா நீரு சொல்லமாட்டீராம், முகத்தப் பாத்து நானே தெரிஞ்சுக்கிடணுமாம்! எனக்குக் கல்யாணமே ஆகல, அதுக்குள்ள உம்மகூட நாப்பத்து நாலு வருஷம் குடித்தனம் நடத்திட்டேன்!"

மண்டி முழுவதும் சிரித்தது. இசக்கிமுத்து சிரிக்கவில்லை, அழகுமலைக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்துவிட்டார். கிட்டே வந்து, அவளுடைய இடது காது மடலை விரலால் தூக்கி, பின்னால் இருந்த மிளகளவு மச்சத்தைப் பார்த்தார்.

"எங்க சித்தப்பா மக" என்றார். குரல் இறங்கிவிட்டது. "அந்த வெள்ளத்தில, ரயிலடியில, எங்க சித்தி கையிலிருந்து போன பிள்ளை. சித்தி சாகுறவரைக்கும் ரயில் ஏறல." அன்றைய ஏலத்தை வேறொருவர் கூறினார்.

இசக்கிமுத்து வீட்டில் மூவரும் உட்கார்ந்தார்கள். அழகுமலை நோட்டைப் பிரித்து ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். இசக்கிமுத்து ஒவ்வொன்றுக்கும் "இருக்கு" என்றார். இருநூற்றுப் பன்னிரண்டும் இருந்தன, ஒன்று குறையவில்லை. அடுத்த வரிக்கு வந்ததும் அழகுமலை நிறுத்திவிட்டார். பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.

"அதுவும் இருக்கு" என்றார் இசக்கிமுத்து.

"மச்சான்," என்றார் அழகுமலை, "அந்த மூணு நாளு..."

"என்கிட்ட கேக்காதேயும் மாப்ள. பதில் என்கிட்ட இருக்கு. ஆனா கேள்வி அவளுக்கு உள்ளது. அந்தா உக்காந்திருக்கா, அவ மொகத்தப் பாத்துக் கேளும்."

வெள்ளத்தாய் ஒரு அந்நிய வீட்டுக்கு வந்த மரியாதையோடு, கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அழகுமலை அவள் பக்கம் திரும்பி, கல்யாணமான நாற்பத்து நாலு வருடத்தில் முதல் தடவையாக அவளிடம் ஒன்றைக் கேட்டார்.

"வெள்ளத்தாயி, அந்த ஐப்பசியில மூணு நாள் எங்க போயிருந்த?"

அவள் யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்காமல், உதவிக்கு இசக்கிமுத்தைப் பார்த்தாள். அவர் அவளாகவே பேசுகிற மாதிரி சொன்னார்.

"குற்றாலத்துக்கு. தனியாத்தான். மொத நாள் மூணு தடவ அருவியில நின்னேன், தண்ணி தலையில விழுற சத்தத்துல யாரோ என்கிட்ட பேசுற மாதிரி இருந்தது, அதுக்காகவே நின்னேன். ரெண்டாம் நாள் பலாச்சுளை விக்கிற ஒருத்தி கூட உக்காந்து சுளை பிரிச்சுக் குடுத்தேன். அவ வாய் ஓயாம எந்த ஊரு, என்ன பேரு, ஏன் வந்தேன்னு கேட்டா. யாராச்சும் கேட்டா எவ்வளவு நல்லா இருக்குன்னு நெனச்சேன். மூணாம் நாள் பஸ் ஸ்டாண்டில உக்காந்து நாலு பஸ்ஸ விட்டேன். அஞ்சாவதுல ஏறிட்டேன். போனதும் அவரு கேப்பாரு, எங்க போனன்னு கேப்பாரு, கேட்டா சொல்லிரணும், எனக்கு யாருமில்ல, நீங்களும் பேசலேன்னா நான் இன்னும் அந்த ரயிலடியிலதான் நிக்கிறேன்னு சொல்லிரணும்னு, வார வழியெல்லாம் ஒத்திக பாத்துக்கிட்டே வந்தேன்."

இசக்கிமுத்து நிறுத்தினார். அவருடைய மீசை நனைந்திருந்தது. வெள்ளத்தாய் கன்னத்தில் கைவைத்து, நல்ல கதை ஒன்று கேட்கிறவளைப் போல முன்னால் சாய்ந்திருந்தாள்.

"பாவம் அந்தப் பொம்பள" என்றாள். "வந்தாளே, அவ புருஷன் கேட்டானா?"

இசக்கிமுத்து அழகுமலையைப் பார்த்தார்.

"கேட்டான்" என்றார் அழகுமலை.

"எப்ப?"

"முப்பத்து மூணு வருஷம் கழிச்சு. இப்பத்தான்."

"சரியான ஆளுதான்" என்று வெள்ளத்தாய் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "அவ பதில் சொன்னாளா?" என்றாள்.

"சொல்லிட்டா."

"அப்ப அவன சும்மா உக்காந்திருக்க வேண்டாம், அடுத்தத கேக்கச் சொல்லுங்க" என்றாள்.

அழகுமலை நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்ததைக் கேட்டார்.